சோடாவில் ஊறிய முப்பத்தெட்டுப் பானைகள்

பீப்பாயின் மூடியைத் திறந்ததும் நொல்பெர்த்தோவுக்கு முதலில் குமட்டியது. உள்ளே என்ன கிடக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

காப்பீட்டுக் கம்பெனிக் கட்டடத்தின் அடித்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளை ஒட்டி நான்கு நீல பிளாஸ்டிக் பீப்பாய்கள் நின்றன. நாலிலும் ஒரே நாற்றம். காஸ்டிக் சோடாவும் பழைய கொழுப்பும் சேர்ந்தால் சோப்பாகும். ஆனால் கடையில் உறை போட்டு விற்கும் சோப்பு அல்ல. இருபது வருடத்துப் பொரித்த எண்ணெய், வெங்காயம், பன்றிக் கொழுப்பு எல்லாம் ஒன்றாகக் கரைந்து, மேலே சாம்பல் நிற ஆடையாகப் படிந்திருந்தது. குச்சியால் ஆடையை விலக்கினான். அடியில் கறுப்புக் கறுப்பாக ஏதோ கிடந்தது. குச்சியில் மாட்டித் தூக்கிப் பார்த்தான். ஒரு பானையின் வாய் விளிம்பு. அதன் கீழே கால்வாசிப் பானைதான் இருந்தது. மிச்சத்தைப் பூச்சி அரித்த இலை போல சோடா தின்றிருந்தது.

"பயப்படாதீங்க மேஸ்திரி, ஒரு சின்ன விபத்து," என்றான் பஸ்தியான். கம்பெனியின் கலைப் பிரிவைப் பார்த்துக்கொள்பவன் அவன். கழுத்துத் துணியை இழுத்து மூக்கை மூடிக்கொண்டு, வெள்ளைக் காலணி நனையாத தூரத்தில் நின்றான்.

"இதுல என்னத்த ஊத்தினீங்க?"

"அடுப்பு சுத்தம் பண்ற சோடாதான். எண்ணெய்ப் பிசுக்கு எதுவா இருந்தாலும் போயிடும்னு டப்பாவுலயே போட்டிருந்துச்சு. மேல்மாடி அதிகாரிங்க வந்து பாத்துட்டு, வரவேற்பு ஹால்ல பொரிச்ச வாடை அடிக்குதுன்னாங்க."

"எப்ப போட்டீங்க?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

"இன்னிக்கித் திங்கள். பச்சைத்தண்ணியிலயா?"

"வெந்நீர்ல. சீக்கிரம் போகுமேன்னு."

நொல்பெர்த்தோ குச்சியைக் கீழே போட்டான். துணி துவைக்கும் இயந்திரங்களை முப்பது வருடமாகப் பழுது பார்க்கிறவன். எந்த உலோகத்துக்கு எது ஆகாது என்பதை விரல்நுனியில் வைத்திருப்பவன். இரும்புக்குச் சோடா ஒன்றும் செய்யாது. அலுமினியம் வேறு சாதி. காற்றுப் பட்டவுடன் அது தனக்குத்தானே ஒரு மெல்லிய தோல் போர்த்திக்கொள்ளும். அந்தத் தோல் இருக்கிறவரை துருவும் கிடையாது, கறையும் கிடையாது. சோடா முதலில் கரைப்பது அந்தத் தோலைத்தான். அப்புறம் நுரை பொங்கப் பொங்க உள்ளே இருக்கும் உலோகத்தைத் தின்ன ஆரம்பிக்கும். வெந்நீர் என்றால் பசி இரட்டிப்பாகும். அவன் குடியிருக்கும் சந்தில் பத்து வயதுப் பெண்பிள்ளைக்குக்கூட இது தெரியும். அடுப்புக்கு வாங்கின சோடாவை அலுமினியப் பானைக்குப் போட்டால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அத்தோடு பாடம் முடிந்தது.

இந்தக் கட்டடத்தில் முந்நூறு பேர் வேலை பார்க்கிறார்கள். ஒருத்தர்கூடத் தன் வாழ்நாளில் பானை கழுவியதில்லை.

லிப்ட் திறந்தது. திரினிதாத் வந்தாள். மேலே வரவேற்பு ஹாலில் இந்தப் பானைகளை மாட்டிச் செய்த கலைப்படைப்பு அவளுடையது; அங்கே சுவரில் அவள் பேர்தான் பெரிய எழுத்தில் இருந்தது. பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டாள். அடுத்த நிமிஷமே சிரித்துவிட்டாள்.

"எங்க வீட்டு வேலைக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் மேஸ்திரி. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும் மேடம்."

"கேட்கத் தோணலையே!" என்று கையை விரித்தாள், மழைக்குக் குடை எடுத்துவர மறந்தவள் மாதிரி.

நொல்பெர்த்தோ மூடியை எடுத்துப் பீப்பாயை மூடினான். நாற்றத்தையா, அந்தச் சிரிப்பையா, எதை மூடினான் என்று அவனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

*

கோபம் வந்தால் அந்த நாட்டில் பானையைத்தான் அடிப்பார்கள். பொழுது சாயும் நேரம் வாசலுக்கு வந்து, காலிப் பானையைக் கவிழ்த்துப் பிடித்து, மரக்கரண்டியால் அடி அடியென்று அடிப்பார்கள். தலைநகர் சாந்தியாகோவில், ரயில் கட்டண உயர்வில் தொடங்கி எல்லாவற்றிலும் போய் முட்டிய அந்த அக்டோபர்ப் போராட்டத்தில், நொல்பெர்த்தோவின் சந்து நாலு மாதம் அடித்தது. பக்கத்துவீட்டு ஸுலேமாவின் மகன் கண்ணில் போலீஸ்காரன் சுட்ட ரப்பர் குண்டு பாய்ந்த அன்று, அவள் அடித்த அடியில் பானையின் பிடி கழன்று தெருவில் விழுந்தது. கம்பி வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வந்து அடித்தாள்.

அடுத்த வருடம் பெருந்தொற்று நோய் வந்து எல்லோருடைய வேலையும் போனது. அப்போது எதுவினா அக்காவின் நாற்பது லிட்டர் அண்டாவில்தான் சந்து முழுவதற்கும் அவரைக்கொட்டையும் பூசணியும் வெந்தது. எதுவினா சந்துச் சங்கத்தின் தலைவி. பருத்த உடம்பு, முழங்கால் வலி, மூன்று வீடு தள்ளிக் கேட்கும் குரல்.

பழைய சலவை இயந்திரங்களின் உதிரிப் பாகங்கள் தேடி நொல்பெர்த்தோவின் கடைக்கு வந்தவள்தான் திரினிதாத். தானாக அசைகிற, ஒலிக்கிற, வெளிச்சம் காட்டுகிற பொருள்களைச் செய்பவள். அந்த அக்டோபரின் பானைகளை வைத்துக் காப்பீட்டுக் கம்பெனியின் ஹாலுக்கு ஒன்று செய்யலாம் என்று அவள் சொன்னபோது அவனுக்குப் புல்லரித்தது. வீடு வீடாகப் போய் அவன்தான் கேட்டான்.

"குடுக்கறதுக்கு என்ன, குடுக்கலாம். எது எங்க போகுதுன்னு யாரு பாக்கறது?" என்று எதுவினா கேட்டாள்.

"நான் பாக்கறேன் அக்கா. ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து நம்பர் போட்டு வெச்சுக்கறேன். போன மாதிரியே திரும்பி வரும். உங்க பானைதான் அங்க சத்தம் போடும், வேற எதுவும் போடாது."

"வாக்கு?"

"வாக்கு."

அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் முப்பத்தெட்டு வீடுகள் பானை கொடுத்தன. கம்பெனியைப் பார்த்தோ திரினிதாத்தைப் பார்த்தோ யாரும் கொடுக்கவில்லை.

*

"முப்பத்தேழு புதுப் பானை வந்திருக்கு," என்றாள் திரினிதாத், அட்டைப்பெட்டிகளைக் காட்டி. "அண்டா மட்டும் பெருசுங்கறதால பீப்பாய்க்குள்ள முழுசா இறங்கல. ஒரு பக்கம் நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கத்தை முன்னாடி திருப்பி மாட்டிடுங்க. மத்ததுல நீங்க பள்ளம் போடணும்."

"பள்ளமா?"

"அடி வாங்கின மாதிரி. உங்ககிட்டதான் போட்டோ எல்லாம் இருக்கே."

"மேடம், சந்துல சொல்லிடலாம். நான் சொல்றேன்."

"கண்டிப்பா சொல்லணும். திறப்பு விழா முடியட்டும். அழகா ஒரு கடிதம் எழுதி, ஆளுக்கொரு நல்ல எவர்சில்வர் பானையும் குடுத்துடலாம். சனிக்கிழமை பஸ் வெச்சு அவங்களையெல்லாம் கூட்டிட்டு வரோமே, வெறும் சட்டத்தையா காட்டுவீங்க? உங்க இயந்திரம் சும்மா நிக்கறதைப் பாக்க முடியுமா உங்களால?"

கெட்டிக்காரி. சரியான இடத்தில் விரலை வைத்தாள்.

ஏனென்றால் அந்த இயந்திரம் அவனுடையது. எட்டு மாதம் சோறு தண்ணி மறந்து செய்தது. பானைகள் ஒரு பெரிய இரும்புச் சட்டத்தில் கவிழ்ந்து தொங்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அந்தந்த வீட்டு மரக்கரண்டி. கரண்டியைத் தூக்கிவிட, கழித்துக்கட்டிய பஸ்களின் கண்ணாடி துடைக்கும் மோட்டார். அது மெதுவாகச் சுற்றும், ஆனால் நிறுத்தவே முடியாத பிடிவாதம். மோட்டார் முனையில் நத்தை ஓடு வடிவத்தில் ஒரு தகடு. தகடு சுற்றச் சுற்றக் கரண்டி மேலே ஏறும். ஓட்டின் விளிம்பு முடிந்ததும் தடாலென்று விழும்.

முதலில் இவ்வளவுதான் செய்திருந்தான். சத்தம் சகிக்கவில்லை. செத்த சத்தம். ஏன் என்று கண்டுபிடிக்க அவனுக்கு மூன்று வாரம் ஆனது. மனிதர் அடிக்கும்போது கை தன்னையறியாமல் கரண்டியை உடனே எடுத்துவிடுகிறது. இயந்திரக் கரண்டியோ அடித்த இடத்திலேயே படுத்துக்கொண்டு பானையின் அதிர்வை அமுக்குகிறது. ஆகவே கரண்டிக் காம்பின் நடுவில் இரும்பறுக்கும் பிளேடு ஒன்றை வைத்தான். பானைக்கு ஒரு விரற்கடை முன்பாகவே காம்பைத் தடுக்க ஒரு ரப்பர் முளையும் வைத்தான். காம்பு முளையில் முட்டி நின்றுவிடும். பிளேடு மட்டும் வந்த வேகத்தில் வளைந்து, கரண்டித் தலையைப் பானையில் மோதவிட்டு, திரும்பி வந்துவிடும். அன்றைக்குத்தான் பானை வாய் திறந்தது.

எந்தப் பானை எப்போது அடிபட வேண்டும் என்பதைப் பழைய சலவை இயந்திரங்களின் திருகுக் கடிகாரம் முடிவு செய்யும். ஊறவை, சுழற்று, தண்ணீரை வடி என்று கட்டளை இடுமே, அதே திருகு. உள்ளே ஒரே அச்சில் அடுக்கிய பல் வைத்த வட்டத் தகடுகள். தகட்டின் பள்ளத்தில் விரல் போன்ற கம்பி விழும்போது மின்சாரம் பாயும். அந்தப் பள்ளங்களையெல்லாம் அடைத்துவிட்டு, அரத்தை எடுத்து, சந்து அடித்த வரிசையில் புதிதாக வெட்டினான். முதலில் ஒரே ஒரு பானை. கொஞ்சம் மௌனம். தூரத்தில் இன்னொன்று பதில் சொல்லும். அப்புறம் நாலைந்து முன்பின்னாக, தடுமாறி, ஒன்றையொன்று தேடி, கடைசியில் முப்பத்தெட்டும் ஒரே தாளத்தில் சேரும். அடி விழும்போதெல்லாம் அந்தப் பானைக்குள் விளக்கு எரியும். எதிரே மின்விசிறி மோட்டாரில் சுற்றும் வடிதட்டுகளின் ஓட்டை வழியாக வெளிச்சம் புள்ளிப்புள்ளியாகக் கூரையெங்கும் ஓடும்.

இதை ஒரு தடவையாவது ஆட்கள் முன்னால் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு வெறி இருந்தது. சந்துக்குப் போய்ச் சொன்னால் சனிக்கிழமை கிடையாது.

"சரி மேடம்," என்றான்.

*

செவ்வாய் முதல் வெள்ளி வரை அடித்தளத்தில் உட்கார்ந்து பானைகளைப் பழசாக்கினான்.

சுத்தியலால் அடித்தால் பள்ளத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும். பார்த்தவுடன் பொய் என்று தெரியும். உண்மையான பள்ளம் ஆயிரம் மெல்லிய அடியில் விழுவது. ஓரமே இருக்காது; வழுவழுவென்று, குழந்தை கன்னம் மாதிரி உள்வாங்கியிருக்கும். அதனால் பானைக்குள் மணல் மூட்டையைத் திணித்து, சுத்தியல் முகத்தில் தோல் சுற்றி, போட்டோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சின்னச் சின்னதாகத் தட்டினான். புதுப் பானைகளின் தகடு மெலிசு. "டிங்" என்று கோயில் மணி மாதிரி கத்தின. உள்பக்கம் குளியலறைக்குப் பூசும் சிலிக்கானை வரிவரியாகப் பூசிக் குரலைத் தடிக்க வைத்தான். சமையல் எண்ணெயைத் தடவி, வெல்டிங் குழாயின் தீயால் கருக்கிக் கரியேற்றினான். அடித்தளம் முழுக்கக் காறல் புகை. தொண்டையில் அது பிசின் மாதிரி ஒட்டியது. கனைத்துத் துப்பினால் எச்சில் பழுப்பாக வந்தது.

வியாழக்கிழமை பதினேழாம் நம்பர். ஸுலேமாவின் பானை. போட்டோவில் பிடியைச் சுற்றி மூன்று சுற்றுக் கம்பி தெரிந்தது; முனை உள்பக்கம் மடங்கியிருந்தது, கையைக் கிழிக்காமலிருக்க. நல்ல பிடியை ஆணி நீக்கிக் கழற்றி, அதே கம்பி, அதே மூன்று சுற்று, அதே மடிப்பாகக் கட்டினான். கட்டி முடித்துத் தூரத்தில் வைத்துப் பார்த்தபோது, அச்சு அசலாக இருக்கிறதே என்று மனசுக்குள் ஒரு குஷி எழுந்தது.

அந்தக் குஷியைக் கவனித்தான். எழுந்துபோய்க் குப்பைத் தொட்டியருகே வாந்தி எடுத்தான். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பதினெட்டாம் நம்பரைக் கையில் எடுத்தான்.

*

சனிக்கிழமை மதியம் பஸ் வந்தது. இருபத்தாறு பேர். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துவதை உடுத்தி வந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும் எதுவினா உள்ளே வராமல் நின்று அதைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா நொல்பெர்த்தோ, எங்க பானைக்கெல்லாம் இங்க வந்ததும் திமிர் ஏறிடுச்சா? வீட்டுக்கு வந்தா இனி அவரைக்கொட்டை வேகவைக்குமா, இல்ல இறால்தான் வேணும்னு அடம் பிடிக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நொல்பெர்த்தோவும் சிரித்தான். தாடை வலித்தது.

உள்ளே கம்பெனி ஆட்களும் அவர்களுடைய நண்பர்களுமாக நூறு பேர். கறி வைத்து மடிக்கும் எம்பனாதாப் பலகாரம், கட்டைவிரல் அளவில், தட்டுகளில் சுற்றி வந்தது. ஸுலேமா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது குட்டி போட்டதா, இல்ல மாவு பத்தலையா?"

"சும்மா தின்னுடி. கறி தேடாத, இருக்காது," என்றாள் எதுவினா.

சுவரில் வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது: இங்குள்ள ஒவ்வொரு பள்ளமும் ஒரு குடும்பத்தின் நினைவு. எதுவினா கண்ணாடி போட்டுக்கொண்டு அதைச் சத்தமாக வாசித்தாள். சந்துக்காரர்கள் கேட்டார்கள். ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள்.

பஸ்தியான் விளக்குகளை அணைத்தான். நொல்பெர்த்தோ திருகைத் திருப்பினான்.

ஒரே ஒரு பானை. மௌனம். தூரத்தில் ஒன்று. கூரையில் புள்ளிகள் எழுந்து ஓட ஆரம்பித்தன. தாளம் ஒன்றையொன்று தேடி, தடுமாறி, கடைசியில் சேர்ந்தபோது அந்தப் பளிங்கு ஹால் அதிர்ந்தது. இவ்வளவு நன்றாக வரும் என்று அவனே நினைக்கவில்லை. சந்துக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். கம்பெனிக்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். நரைத்த தலைக்காரர் ஒருவர், கையில் கோப்பையோடு, மோதிர விரலால் கோப்பையில் அதே தாளத்தைத் தட்டினார். பக்கத்திலிருந்த பெண்ணிடம், "அப்ப இதைக் கேட்டாத் தூக்கமே வராது. இப்ப பாரு, நல்லாத்தான் இருக்கு," என்றார். அவள் சிரித்தாள். அவர் உதட்டில் எம்பனாதாவின் எண்ணெய் மின்னியது.

விளக்குகள் மறுபடி எரிந்தபோது ஸுலேமா தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள். காவலாளி தடுக்கப் போனான். விடு என்று திரினிதாத் சைகை காட்டினாள், முகமெல்லாம் மலர்ச்சியாக. படம் எடுப்பவனைக் கூப்பிட்டாள்.

ஸுலேமா பதினேழாம் பானையின் பிடியைத் தடவினாள். கம்பியின் மடித்த முனையை விரலால் தேடிப் பிடித்தாள். பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதோ பாருங்க அக்கா, இது அன்னிக்கி விழுந்தது. ஆஸ்பத்திரியில இருந்து வந்து நேரா அடிச்சேனே, அன்னிக்கி. அவன் கண்ணு போன அன்னிக்கி." கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மோவாயில் சொட்டியது. கேமரா பளிச்சிட்டது.

அந்தப் பள்ளத்தை வியாழக்கிழமை, சாப்பாட்டுக்கு முன்னால், நொல்பெர்த்தோ போட்டிருந்தான்.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். இவளும் அழுது மனசு இறங்கி வீட்டுக்குப் போவாள். கடிதம் வரும், எவர்சில்வர் பானை வரும். இத்தனையும் அவனுக்கு ஒரு நொடியில் தோன்றியது. தோன்றிய வேகத்தில் வாயில் அந்தக் காறல் ருசி ஊறியது.

"ஸுலேமா அக்கா. கையை எடுங்க."

"ஏன், ஷாக் அடிக்குமா?"

"இது உங்களுது இல்ல."

"என்னடா உளர்ற? கம்பியைப் பாரு."

"கம்பி நான் கட்டினது. பள்ளமும் நான் போட்டது. இது எல்லாம் புதுசு. உங்க பானையெல்லாம் கீழ பீப்பாயில கிடக்குது. சோடாவுல போட்டு அழிச்சுட்டாங்க."

"மேஸ்திரி!" என்றாள் திரினிதாத், சிரிப்பு மாறாத முகத்தோடு, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஸுலேமா உடனே கையை எடுக்கவில்லை. பிடித்தபடியே அவனைப் பார்த்தாள். பிறகு மெதுவாக எடுத்து, பாவாடையின் பக்கத்தில் துடைத்தாள். உள்ளங்கையைத் துடைத்துப் புறங்கையையும் துடைத்தாள். கரி பாவாடையில் இழுபட்டது.

எதுவினா கூட்டத்தை விலக்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு நேராகத் தன் அண்டாவிடம் போனாள். முன்பக்கம் பார்த்தாள், பழைய அண்டாதான். சட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். அங்கே அவள் முஷ்டியை மடக்கி ஒரு ஓட்டைக்குள் விட்டாள். கை முழங்கை வரை உள்ளே போனது. வெளியே எடுத்தபோது கறுப்புத் தூள் படிந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"காஸ்டிக் சோடா," என்றாள். "அலுமினியத்துக்கு! இந்த வீட்ல பொம்பளைங்களே கிடையாதா, இல்ல இருக்கறவங்களுக்குக் கையே கிடையாதா?"

பஸ்தியான் முன்னால் வந்தான். "அம்மா, இது ஒரு துரதிர்ஷ்டமான... நாங்க உங்களுக்குப் புதுசா, நல்ல தரமான..."

"தம்பி, நீ தள்ளி நில்லு. உன் ஷூ அழுக்காயிடும்." அவள் பார்வை நொல்பெர்த்தோ மேல்தான் இருந்தது. "இவங்க எங்களுக்கு யாரு? வழியில போறவங்க. வழியில போறவன் மிதிச்சா செருப்பைத் துடைச்சுட்டுப் போயிடலாம். நீ எப்பத்திலிருந்து தெரிஞ்சு வெச்சிருந்த?"

"திங்கக்கிழமை."

"திங்கள். செவ்வாய் சாயங்காலம் எங்க வீட்டு மிஷினுக்குப் பெல்ட் மாத்த வந்தியே. காபி குடிச்சியே."

"ஆமா அக்கா."

"பஸ்ஸுல வரும்போது நாங்க பாடிக்கிட்டு வந்தோம்," என்றாள் எதுவினா. அவனிடம் சொல்கிற மாதிரி இல்லை. யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி இருந்தது.

திரினிதாத் அவன் காதருகே வந்தாள். "இது இப்ப தேவையா மேஸ்திரி? அவங்க சந்தோஷத்தைக் கெடுத்து உங்களுக்கு என்ன கிடைச்சது?"

அவளிடமிருந்து மல்லிகையோ எலுமிச்சையோ ஏதோ நல்ல வாசனை வந்தது. சோடாவின் நாற்றத்தைவிட அது மோசமாக இருந்தது.

"எடுத்துட்டு வா எங்க பானைகளை. எது மிச்சமோ அதை," என்றாள் எதுவினா.

*

பீப்பாய்களைக் கவிழ்த்துக் கம்பி வலையில் வடித்தான். முப்பத்தேழில் பானை என்று சொல்லும்படி இருந்தவை பதினொன்று. மற்றவை வளையங்கள், பிடிகள், கறுத்த சில்லுகள். நம்பர் போட்ட அலுமினிய வில்லைகளும் கரைந்து போயிருந்தன. எது எவருடையது என்று விளிம்பின் அளவையும் போட்டோவையும் வைத்துத்தான் பிரிக்க முடிந்தது. ரப்பர் கையுறைக்குள்ளும் வழுவழுப்பு இறங்கியது. தோல் உரிந்து சிவந்தது.

பஸ்ஸில் ஏற்றலாம் என்று கொண்டுபோனான். எதுவினா பஸ் படியிலேயே நின்று மறித்தாள்.

"இதை இப்ப ஏத்தாத. வீடு வீடா வந்து வாங்கினியே, வீடு வீடா வந்து குடு. மூட்டை கட்டி எங்கிட்ட தள்ளிட்டுப் போகாத. ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, என்ன ஆச்சுன்னு உன் வாயால சொல்லு. வராதவங்க பன்னெண்டு பேருக்கும் சொல்லு."

"சொல்றேன் அக்கா."

"வாக்கு குடுக்காத. செய்."

பஸ் போன பிறகு உள்ளே மறுபடியும் விளக்கை அணைத்தார்கள். யாரோ திருகைத் திருப்பியிருக்க வேண்டும். முதல் பானை அடித்தது, மௌனம், தூரத்தில் ஒன்று பதில் சொன்னது. தெருவோரத்தில் நின்றிருந்த நொல்பெர்த்தோவின் காது அவனைக் கேட்காமலேயே எண்ணியது. மூன்றாவது வரிசையில் ஒரு கரண்டி அரை நொடி பிந்துகிறது, பிளேடைக் கொஞ்சம் இறுக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணியது. நடைபாதையில் துப்பிவிட்டு நடந்தான்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தள்ளுவண்டியோடு சந்துக்குள் வந்தான். வெயில் நன்றாக அடித்தது. செய்தி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ஜன்னல் திரைகள் அசைந்தன, யாரும் வெளியே வரவில்லை.

முதல் வீட்டுக் கிழவர் கதவைத் திறந்து, கேட்டு முடித்து, வளையத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் பொண்டாட்டிக்குக் கல்யாணத்துல வந்தது," என்று மட்டும் சொன்னார். இரண்டாம் வீட்டுக்காரி கதவுச் சங்கிலியை எடுக்காமலே கதவிடுக்கு வழியாகக் கேட்டுவிட்டு, "அங்கயே வெச்சுட்டுப் போ," என்றாள். நான்காம் வீட்டுக்காரன் பாதியிலேயே சிரித்தான். "வெந்நீர்லயா? சோடாவை வெந்நீர்லயா கரைச்சானுங்க?" என்று உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னான். நொல்பெர்த்தோ இன்னொரு முறை சொன்னான்.

ஒவ்வொரு வாசலிலும் ஒரே வாக்கியங்கள். திங்கக்கிழமையே எனக்குத் தெரியும். நான்தான் புதுசுல பள்ளம் போட்டேன். அதைச் சுருக்கிச் சொல்ல நாக்கு தந்திரம் தேடியது. ஐந்தாம் வீட்டில் 'போடச் சொன்னாங்க' என்று வந்தது. நிறுத்தி, 'போட்டேன்' என்று திருத்திச் சொன்னான்.

ஒன்பதாம் வீடு ஸுலேமாவுடையது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவள் மகன் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். நொல்பெர்த்தோ கம்பி சுற்றிய பிடியையும் ஒட்டியிருந்த கையகலத் தகட்டையும் நீட்டினான். இரும்புக் கம்பியை மட்டும் சோடா தொடவே இல்லை. மூன்று சுற்றும் அப்படியே இருந்தன.

அவள் அதைத் தொடவில்லை. பழைய பேப்பர் ஒன்றை எடுத்து வந்து, செத்த எலியை எடுப்பதுபோல அதைச் சுற்றி எடுத்தாள்.

"அந்தப் பள்ளம் போட எவ்வளவு நேரமாச்சு உனக்கு?"

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது.

"கால் மணி நேரம்."

அவள் தலையை ஆட்டினாள். பொட்டலத்தை வாசல் குப்பைவாளிக்குள் போடப் போனவள், போடாமல் வாளியின் மூடிமேல் வைத்தாள்.

"நேத்து எடுத்த போட்டோ. நான் அழற மாதிரி. அதை அழிச்சுடச் சொல்லு. அது செய்வியா?"

"கேக்கறேன்."

"கேக்காத. அழிக்க வை." கதவை மூடவில்லை, உள்ளே போய் மகனுக்கு எதிரே உட்கார்ந்து தன் ரொட்டியைப் பிய்த்தாள்.

நொல்பெர்த்தோ செல்போனை எடுத்து, திரினிதாத்தின் எண்ணைப் போட்டு, மணி அடிக்கும்போதே தோளுக்கும் காதுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டு, பத்தாம் வீட்டை நோக்கி வண்டியைத் தள்ளினான்.